லினக்ஸ் பொறியைப் புதுக்கலும் துவக்கப் பட்டியலைத் திருத்தலும்

கணிப்பொறியின் விசையை அழுத்தியவுடன் அது தானாகக் கண்விழித்து ஏவல் கேட்க எழுந்துவிடுகின்றதென்றே நம்மிற் பலரும் எண்ணியிருக்கின்றோம். உண்மை அஃதன்று. விசை அழுந்துவதற்கும் திரையில் நம் பெயரும் மறைச்சொல்லும் கேட்கப்படுவதற்கும் இடையே, பண்டை நாளில் தபாலோட்டக்காரன் தன் பையை அடுத்த சாவடியில் நிற்பவனிடம் ஒப்புவித்துத் திரும்பியதுபோல, மூவர் நால்வர் ஒருவர்பின் ஒருவராய்ப் பொறியை ஏற்று நடத்துகின்றனர். முதற்கண், பொறியின் தாய்ப்பலகையிற் பதிந்துள்ள யூ.இ.எஃப்.ஐ. என்னும் நிலைநிரல் எழுகின்றது. அது தன்னகத்தே குறித்து வைத்திருக்கும் ஒரு சிறு பட்டியலை நோக்கி, வட்டின் இன்ன பகுதியில் இன்ன துவக்கி உளது எனக் கண்டு அதனை அழைக்கின்றது. லினக்ஸ் பொறிகளில் அத்துவக்கி பெரும்பாலும் க்ரப் என்பதாம். க்ரப் தன் பட்டியலைத் திரையில் விரித்து, நாம் தெரிந்தெடுத்த கெர்னலையும் அதற்குத் துணையாகிய இனிட்-ஆர்டி என்னும் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்குகின்றது. கெர்னல் எழுந்து, வட்டைக் கண்டு, மற்றைப் பணிகளையெல்லாம் தொடங்கி வைக்கின்றது. இவற்றுள் ஒன்று தன் கடமையில் தவறினும் அடுத்தது எழாது.

இவ்வெழுச்சியை ஆங்கிலர் 'பூட்' என்பர். சொல்லாராய்ச்சியில் விருப்புடையார்க்கு இதன் வரலாறு சுவை பயக்கும். நீண்ட காலணியின் பின்புறத்தே அதனை இழுத்து மாட்டுதற்கென ஒரு வார் உண்டு. தன் காலணி வாரைத் தானே பற்றித் தன்னை மேலே தூக்கிக்கொண்டவன் என்று, ஆகாத செயலைக் குறித்து அவர்களிடையே ஒரு பழமொழி வழங்கிற்று. நிரல் ஏதும் ஏறாத வெறும்பொறி, தன்னுள் நிரலை ஏற்றிக்கொள்வதற்கே ஒரு நிரல் வேண்டியிருத்தலின், அப்பழமொழியையே பொறிவல்லுநர் பெயராகக் கொண்டனர். 'துவக்கம்' என நாம் வழங்குஞ் சொல்லில் இவ்வேடிக்கை இல்லை. ஆயினும் பொருள் தெளிவாயிருக்கின்றது.

நிற்க. எம் தமிழ்த் துறையிற் பயன்படும் பொறியைச் சென்ற ஆண்டு யாங்கள் புதுக்கப் புகுந்து, ஒரு பிழையினாற் பெரிதும் இடர்ப்பட்டோம். அவ்விடரே இக்கட்டுரைக்குக் காரணம். இதன்கண் வருங் கட்டளைகளை ஒலிப்படி தமிழெழுத்தில் எழுதியுள்ளேம். பொறியில் இடுவோர் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தால் இடுக. அவற்றுட் பல நிருவாகிக்கே உரியன. 'சூடோ' என முன்னே சேர்த்து வழங்கப்பெறுவன.

லினக்ஸ் என்பது சரியாய் நோக்குமிடத்துக் கெர்னல் ஒன்றற்கே பெயர். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணாக்கராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991-ஆம் ஆண்டில், தம் இருபத்தொன்றாம் வயதில், அதனை எழுதி வெளியிட்டார். அக்கெர்னலோடு ஆயிரக்கணக்கான பிற நிரல்களையுந் தொகுத்து, எளிதில் நிறுவத்தக்க வடிவில் அளிக்கும் தொகுப்புகள் பல உள. அவற்றுள் எம் பொறியில் இருப்பது டெபியன். அது 1993-இல் இயன் மர்டாக் என்பவரால் தொடங்கப்பட்டது; தம் பெயரையும், பின்னர்த் தம் மனைவியாராகிய டெப்ராவின் பெயரையும் இணைத்து அவர் இட்ட பெயர் அது. அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் எண்ணோடு, 'டாய் ஸ்டோரி' என்னும் திரைப்படத் தொடரில் வரும் பாத்திரங்களுள் ஒன்றன் பெயருஞ் சூட்டப்படுகின்றது. 2019-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பு பஸ்டர். 2021-இன் 11-ஆம் பதிப்பு புல்ஸ்ஐ. 2023-இன் 12-ஆம் பதிப்பு புக்வோர்ம், அஃதாவது புத்தகப் புழு. 2025 ஆகஸ்டு 9-ஆம் நாள் வெளிவந்த 13-ஆம் பதிப்பு டிரிக்ஸி. புத்தகப் புழுவை விட்டு நீங்குதற்குத் தமிழ் மாணாக்கராகிய எமக்குச் சிறிது மனத்தடை இருந்ததென்பதை மறைப்பதிற் பயனில்லை.

இனி, புதுக்குதல் எற்றுக்கு எனின், ஒரு பதிப்புக்கு மூன்றாண்டு முழுமையான பாதுகாப்புத் திருத்தங்களும், அதன்பின் இரண்டாண்டு குறைந்த அளவிலான திருத்தங்களுமே கிடைக்கும். அதன்பின் அப்பதிப்பிற் காணப்படும் ஓட்டைகளை அடைப்பாரில்லை. மேலும், டெபியனில் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதித்தல் ஆகாது. 11-இலிருந்து 13-க்கு வரவேண்டுவோர் 12-இல் இறங்கியே ஏறல்வேண்டும். எம் பொறி 2019-இல் 10-ஆம் பதிப்பு நிறுவப்பெற்று, எமக்கு முன்னிருந்த மாணாக்கரால் 11-க்கும் 12-க்கும் படிப்படியே உயர்த்தப்பட்டது.

இவ்வாறு ஏறிவந்த பொறியில் பழங்கெர்னல்கள் தேங்குதல் இயல்பு. அதன் காரணத்தை அறிதல் வேண்டும். எழுதுநிரல், இசைநிரல் முதலியன புதிய பதிப்பு வந்தவுடன் பழையதை அகற்றி அதனிடத்தில் அமரும். கெர்னல் அங்ஙனம் செய்வதில்லை. டெபியனில் ஒவ்வொரு கெர்னலும் தன் எண்ணையே தன் பெயரின் ஒரு கூறாகக் கொண்ட தனிப்பொதி. 6.1.0-9 என்பது ஒரு பொதி; 6.1.0-37 என்பது வேறொரு பொதி. ஆகலின் புதியது வரும்போது பழையதன் அருகே அமர்கின்றதேயன்றி அதனை வெளியேற்றுவதில்லை. இஃது அறியாது செய்த குறையன்று. அறிந்தே செய்த ஏற்பாடு. புதுக்கெர்னல் ஏதேனும் ஒரு கருவியோடு ஒவ்வாது எழாமற் போயின், பழையதைக் கொண்டு எழுந்து குறையை நீக்கிக்கொள்ளலாமன்றோ? ஏடு பெயர்த்தெழுதுவோர் புதிய ஏட்டை மூலத்தோடு ஒப்பிட்டு முடியுமுன் மூலத்தை ஆற்றில் விடுவதில்லை; அத்தகையதே இதுவும்.

ஒவ்வொரு கெர்னலும் 'பூட்' என்னும் அடைவில் நான்கு கோப்புகளை வைக்கின்றது. அவற்றுள் விஎம்லினஸ் என்பது கெர்னலின் உடல். இனிட்-ஆர்டி என்பது, வட்டைத் திறந்து காண்பதற்கு வேண்டுங் கருவிகளைக் கட்டி வைத்த மூட்டை. அளவிற் பெரியதும் இதுவே. ஏனைய இரண்டும் சிறு குறிப்புகள். இவையன்றிக் கெர்னலுக்குரிய உறுப்புநிரல்கள் 'லிப்' அடைவின்கீழ் 'மாட்யூல்ஸ்' என்னுமிடத்தில் தனியே இருக்கும். (அடைவு என்னுஞ் சொல் கோப்புகளின் இருப்பிடத்துக்கும் சொற்களின் அகரநிரலுக்கும் ஒருங்கே வழங்குதலால் இக்கட்டுரையில் ஓரிடத்து மயக்கம் நேரலாம், படிப்போர் பொறுத்துக்கொள்க.)

துவக்கப் பட்டியல் எவ்வாறு உண்டாகின்றதென்பதே இப்பொருளின் உயிர்நிலை. க்ரப் என்பது 1995-இல் எரிக் போலின் என்பவரால் தொடங்கப்பட்டது. அதற்கு முன் லினக்ஸ் பயனர் பெரிதும் வழங்கியது லிலோ என்னும் துவக்கி. லிலோ, கெர்னல் வட்டின் எவ்விடத்தில் கிடக்கின்றது என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். அடைவுகளைப் படிக்க அறியாது. கெர்னலை மாற்றியபின் லிலோவை மீண்டும் ஒருமுறை இயக்க மறந்தவன் மறுநாட் பொறியை எழுப்ப இயலாது தவிப்பான். க்ரப் அடைவுகளைப் படிக்க வல்லது. ஆயினும் பட்டியலை அது தானே ஒவ்வொருமுறையும் ஆக்கிக்கொள்வதில்லை என்பதை மறவற்க. 'க்ரப் டாட் சிஎஃப்ஜி' என்னுங் கோப்பில் எழுதி வைத்ததையே காட்டும். அக்கோப்பு மனிதர் கையால் எழுதுவதற்கன்று. தன்னைத் திருத்தலாகாதென்று அதன் தலைப்பிலேயே எச்சரித்திருக்கும். 'அப்டேட்-க்ரப்' என்னுங் கட்டளையை இட்டால், 'எட்ஸி' அடைவிலுள்ள 'டீஃபால்ட்/க்ரப்' என்னும் அமைப்புக் கோப்பையும் 'க்ரப் டாட் டி' என்னும் அடைவிலுள்ள சிறு நிரல்களையும் கொண்டு, 'பூட்' அடைவில் அப்பொழுது எவ்வெக் கெர்னல்கள் உளவோ அவற்றையெல்லாம் எண்ணிப் பட்டியல் புதிதாய் எழுதப்படுகின்றது. எனவே பட்டியலிற் பழம்பதிவொன்றை நீக்க விரும்புவோன் பட்டியலைத் தொடவேண்டுவதில்லை. பதிவுக்குக் காரணமான பொதியை முறைப்படி நீக்கினாற் போதும். நீக்கும்போதே 'அப்டேட்-க்ரப்' தானே ஏவப்பட்டுப் பட்டியல் சுருங்கிவிடும்.

எம் பொறியின் பட்டியலில் முதற்கண் 'டெபியன்' என ஒரு வரியும், அடுத்து 'மேம்பட்ட விருப்பங்கள்' எனப் பொருள்படும் உட்பட்டியலொன்றும் இருந்தன. உட்பட்டியலுட் புகின் 6.1.0-37, 6.1.0-9, 5.10 என மூன்று கெர்னல்கள். ஒவ்வொன்றுக்கும் இயல்புநிலை, மீட்புநிலை என இவ்விரண்டாக ஆறு பதிவுகள். பொறி இணையத்தை அரிதாகவே கண்டதனால் இவ்வளவோடு நின்றது. நாடோறும் இணையத்தோடு தொடர்புடைய பொறிகளில் இதன் இருமடங்கும் காணலாம்.

இனி நிகழ்ந்தது கூறுவேம். அப்பொறியில் யாங்கள் நால்வர், வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணிக்குச் சொல்லடைவு ஒன்று தொகுத்து வந்தோம். அந்நூல் மூன்று காண்டமும் 36 படலமும் 3615 செய்யுளும் உடையது. முதற் காண்டம் முடிந்து இரண்டாங் காண்டத்தின் நடுப்பகுதியில் நின்றோம். எமக்கு மூத்த மாணாக்கர் தொடங்கிவைத்து எம்மிடம் ஒப்புவித்துச் சென்ற பணி அது. அதற்கு வேறு படி எங்கும் இல்லை. இருந்திருக்கவேண்டும், இல்லை. ஆசிரியர், "படி எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டபோது, "எடுத்துக்கொண்டிருக்கிறோம் ஐயா" என்று விடை பகர்ந்தவன் யானே. அவ்விடையின் காலவழக்கு இலக்கணத்துக்கு இசைந்ததாயினும் உண்மைக்கு இசைந்ததன்று.

புதுக்கும் முறையை முன்னரே படித்திருந்தோம். முதலில் இருக்கும் பதிப்பையே கடைசித் திருத்தம் வரை கொணர்ந்து, பொறியை ஒருமுறை மீளத் துவக்கல் வேண்டும். அவ்வாறே செய்து 6.1.0-37 என்னுங் கெர்னலில் நின்றோம். அடுத்து 'சோர்ஸஸ் டாட் லிஸ்ட்' கோப்பில் புக்வோர்ம் என வருமிடமெல்லாம் டிரிக்ஸி என மாற்றினோம். பின்னர் 'ஆப்ட் அப்டேட்'. அதன்பின் 'ஆப்ட் அப்கிரேட் --வித்தவுட்-நியூ-பிகேஜிஎஸ்'. ஈற்றில் 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்'. இடைக்கட்டளை, புதுப்பொதி எதனையும் சேர்க்காமல் உள்ளவற்றுள் இயன்றவற்றை மட்டும் உயர்த்துவது. ஈற்றுக்கட்டளையே வேண்டுவனவற்றைச் சேர்த்தும் இடையூறாவனவற்றை நீக்கியும் முழுதும் முடிப்பது. ஆயின் டெபியன் வெளியீட்டுக் குறிப்பில் ஓர் எச்சரிக்கை உண்டு. 'பூட்' தனிப்பகுதியாயின் அது 768 மெகாபைட்டேனும் இருத்தல் வேண்டும், அதனுள் 300 மெகாபைட் அளவு வெற்றிடம் வேண்டும், 10-ஆம் பதிப்போ அதற்கு முந்தியதோ நிறுவிய பொறிகளில் இது போதாமலிருக்கக் கூடும் என்பது அதன் கருத்து. 'டிஎஃப் -எச் /பூட்' என ஒரு வரி இட்டிருந்தால் எம் பொறியில் அது 250 மெகாபைட்டுக்குங் குறைவென்பது அரை நொடியிற் புலப்பட்டிருக்கும். நெடிய குறிப்பாதலின் அப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிட்டோம். தேர்வுக்குப் படிக்கும் வழக்கம் எங்கும் தொடர்கின்றது.

ஈற்றுக்கட்டளை ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடிற்று. புதிய 6.12 கெர்னலின் உடல் 'பூட்' அடைவில் வந்தமர்ந்தது. அதற்குரிய இனிட்-ஆர்டி மூட்டையைக் கட்டும்போது, வட்டில் இடமில்லை என்று கூறிப் பணி நின்றது. அந்நிலையிற் செய்யத்தக்கது, நின்ற இடத்திலேயே பழங்கெர்னற் பொதியொன்றைப் பொதிநிருவாகியின் வாயிலாக நீக்குதல். யாங்கள் செய்தது வேறு. 'பூட்' அடைவைப் பட்டியலிட்டுப் பார்த்தோம். மேலே 5.10, அதன்கீழ் 6.1.0-37, அதன்கீழ் 6.1.0-9, கடைசியில் 6.12. கீழே செல்லச் செல்லப் புதியதென்று கொண்டு, 6.12-க்கு நேர்மேலே நின்ற 9-ஐ அண்மையதென மயங்கி அதனை வைத்துக்கொண்டு, 5.10-இன் கோப்புகளையும் 37-இன் கோப்புகளையும் 'ஆர்எம்' என்னுங் கட்டளையால் நேரே அழித்தோம்.

மயக்கத்தின் காரணம் வெளிப்படை. கோப்புப் பெயர்களை அடுக்கும் 'எல்எஸ்' என்னுங் கட்டளை அகராதி முறையில் அடுக்குகின்றது. அகராதி முறையாவது எழுத்தெழுத்தாய் ஒப்பிடுதல். 37-இன் முதலெழுத்து 3. 9-இன் முதலெழுத்து 9. ஆகலின் 37 முந்துகின்றது. அதற்கு முப்பத்தேழு என்னும் எண்ணின் பெருமை தெரியாது. 'எல்எஸ் -வி' என இட்டால் எண்முறையில் அடுக்கும். க்ரப் பட்டியலும் எண்முறை அறிந்ததே. எனவேதான் அதில் 37 மேலே நின்றது. இதில் எமக்கு நேர்ந்த நாணம் யாதெனில், எங்கள் சொல்லடைவிலேயே செய்யுளெண்கள் இவ்வாறு குழம்பி, 37-ஆஞ் செய்யுள் 9-ஆஞ் செய்யுளுக்கு முன் வந்து நிற்க, யாங்களே 0009, 0037 எனச் சுழியிட்டுத் திருத்தியிருந்தோம். அறிந்த பாடம் வேறு வகுப்பில் வினவப்படின் விடை தோன்றாதுபோலும். ஒருங்கே இதனையுங் குறிக்கலாம்: 6.12 என்பது தசமமன்று. அதனை ஆறாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனம் என்பதுபோலப் படித்தல் வேண்டும், ஆகவே 6.9-க்குப் பின்னரே 6.12.

ஓடிக்கொண்டிருந்த கெர்னலின் கோப்பையே அழித்தபோதும் பொறி நிற்கவில்லை. துவக்கத்தின்போதே கெர்னல் நினைவகத்தில் ஏறிவிட்டமையால் வட்டிலுள்ள கோப்பு அழிந்தமை அதற்கு அப்பொழுது உறைக்காது. ஆகவே பிழை நேர்ந்ததாகவே யாங்கள் அறியவில்லை. மறுபடியும் கட்டளையிடுமுன் மின்சாரம் நின்றது.

அரை மணி கழிந்து மின்சாரம் வந்தபோது, பட்டியலின் முதல்வரியைத் தெரிந்தோம். கோப்பு காணப்படவில்லை, முதலிற் கெர்னலை ஏற்றவேண்டும் என்னும் இரண்டு பிழைவரிகள் ஆங்கிலத்தில் தோன்றின. பட்டியல் இன்னும் பழைய நிலையிலேயே இருந்து, இல்லாத 37-ஐத் தேடிற்று. 37-இன் மீட்புநிலையும் அவ்வாறே கூறிற்று. 5.10-உம் அவ்வாறே. நால்வருள் ஒருவன் எழுந்து வெளியே சென்று நின்றான். மேசைமேல் இரண்டாங் காண்டத்தின் கைக்குறிப்புத் தாள்கள் சில கிடந்தன. முதற் காண்டத்துக்குரியவை மூத்தோர் கையிலேயே போய்விட்டன. எஞ்சியது 6.1.0-9 ஒன்றே. எப்படியும் களையப்படவேண்டியதென யாங்கள் காலையில் இழித்துப் பேசிய அப்பழம்பதிவைத் தெரிந்தோம். அதன் உடலும் மூட்டையும் உறுப்புநிரல்களும் ஒருசேர இருந்தமையால் பொறி எழுந்தது.

எழுந்தவுடன் செய்த முதற்பணி புதுக்குதலன்று. சொல்லடைவை இரண்டு விரலிகளிற் படியெடுத்து, ஒன்றை ஆசிரியர் கையில் அளித்தோம். அவர் ஒன்றுங் கூறாமல் வாங்கி மேசையறையுள் வைத்துப் பூட்டினார்.

பின்னர் முறைப்படி நடந்தோம். இவ்விடத்துச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இத்தகைய நிலையிற் சிக்குவோர் பலராதலின். 'யூநேம் -ஆர்' என இட்டு, இப்பொழுது ஓடுவது 6.1.0-9 என உறுதிசெய்தோம். ஓடுவதை ஒருபோதும் நீக்கலாகாது. நீக்க முயலின் பொதிநிருவாகி எச்சரித்து, நீக்கலை நிறுத்தலாமா என்று கேட்கும். கையால் அழித்த கோப்புகள் போயினும், பொதிநிருவாகியின் கணக்கில் 5.10-உம் 6.1.0-37-உம் நிறுவப்பட்டனவாகவே இருந்தன. அவற்றின் உறுப்புநிரல்கள் பல நூறு மெகாபைட் அளவில் 'லிப்' அடைவிற் கிடந்தன. 'ஆப்ட்' பாதியில் நின்ற நிலையிற் பணி செய்ய மறுக்குமாதலின், அதற்கு அடிப்படையாகிய 'டிபிகேஜி --பர்ஜ்' என்பதால் அவ்விரு பொதிகளையும் பெயர் சுட்டி நீக்கினோம். பட்டியல் உடனே திருத்தி எழுதப்பட்டது. அடுத்து 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' என இட, நின்றுபோன பொதிகள் ஒவ்வொன்றாய் நிறைவெய்தி, 6.12-இன் மூட்டையும் கட்டப்பட்டது. மறுபடியும் 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' இட்டு எஞ்சியதை முடித்தோம். மீளத் துவக்கியபின் 'யூநேம் -ஆர்' 6.12 என விடை தந்தது.

புதுக்கெர்னலில் எழுந்து ஒரு வாரமேனும் அச்சுப்பொறி, ஒலி, கம்பியில்லா இணையம் முதலியன யாவும் இயங்குகின்றனவா எனக் கண்ட பின்னரே பழையதைக் களைதல் நன்று. கோதுமையும் களையும் ஒருங்கு வளர்ந்த நிலத்தைப் பற்றிய உவமையைக் கல்லூரி வழிபாட்டில் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். 'பூட்' அடைவின் முன் நின்றபோதே அதிற் பயிர்த்தொழிலறிவும் உண்டென்பது விளங்கிற்று. களைதற்குரிய கட்டளை 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்'. அது தானாக வந்தமர்ந்து இப்பொழுது எதற்கும் வேண்டாத பொதிகளை மட்டும் எடுத்துக் காட்டி இசைவு கேட்கும். ஓடுங்கெர்னலையும் புதியதையும் அது தொடாது. காட்டும் பெயர்களைப் படியாமல் இசைவு கொடுத்தல் ஆகாது. யாரேனும் ஒரு கெர்னலைத் தம் கையாற் பெயர் சுட்டி நிறுவியிருந்தால் அது வேண்டப்பட்டதெனக் கருதி விட்டுவிடும். அதனை நாமே பெயர் சுட்டி நீக்கல் வேண்டும். இன்னும், பொதியின் உடல் நீங்கி அமைப்புக் கோப்பு மட்டும் எஞ்சிய எச்சங்கள் சில இருக்கும். பொதிகளைப் பட்டியலிட்டால் அவை 'ஆர்சி' என்னுங் குறியோடு தோன்றும். எம் பொறியில் 2019-இன் 4.19 கெர்னல் இவ்வாறு பெயரளவில் எஞ்சியிருந்தது. இவை இடத்தை அடைப்பனவல்ல. ஆயினும் கண்ணுக்கு உறுத்துவன. 'ஆப்ட் பர்ஜ்' என்பதனோடு '~சி' என்னுங் குறியைச் சேர்த்திட்டால் இவை ஒருசேர நீங்கும்.

பழஞ்சொற்கள் வழக்கு வீழ்தலை நன்னூலார் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆயினும் வழக்கு வீழ்ந்த சொல்லை நிகண்டில் ஒருவர் போற்றி வைத்திருத்தலால் அன்றோ நாம் பழம்பாட்டுக்குப் பொருள் காண்கின்றோம்? இக்காரணம் பற்றியே எம் பொறியில் 6.1.0-9-ஐ உடனே களைய எவர்க்கும் மனம் வரவில்லை. அடுத்த 6.12 திருத்தம் வந்து இரண்டு புதுக்கெர்னல்கள் அமைந்த பின்னரே அதனை நீக்கினோம்.

மேற்கூறியது க்ரப்பின் பட்டியல். இதனின் வேறாயது யூ.இ.எஃப்.ஐ. தன்னகத்தே வைத்திருக்கும் பட்டியல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் பலர். எம் பொறியில் 2019-க்கு முன் உபுண்டு என்னுந் தொகுப்பு இருந்து அழிக்கப்பட்டது. அது வட்டினின்று நீங்கி ஆண்டுகள் பல கழிந்தும், விசைப்பலகையில் உரிய பொத்தானை அழுத்தித் துவக்கிப் பட்டியலைக் காணுந்தோறும் 'உபுண்டு' என்னும் பெயர் அங்கே நின்றது. 'அப்டேட்-க்ரப்' எத்தனை முறை இடினும் அது நீங்காது. அப்பட்டியல் வட்டில் இல்லை, தாய்ப்பலகையின் அழியா நினைவில் உளது. அதனைக் காண 'ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' என்னுங் கட்டளையை இடல் வேண்டும். எழுப்பிய பதிவு எது, எழுப்பும் வரிசை யாது என்பவற்றைக் கூறி, பின் ஒவ்வொரு பதிவையும் நான்கிலக்க எண்ணோடு காட்டும். அவ்வெண்கள் பதினாறன் அடுக்கில் அமைந்தவை. 0009-க்குப் பின் 000ஏ வரும். எம் பொறியில் 0000 விண்டோஸ், 0002 உபுண்டு, 0003 டெபியன். அதே கட்டளையோடு '-பி 0002 -பி' எனச் சேர்த்திட்டோம். முன்னதன் பி சிறிய எழுத்து, பின்னதன் பி பெரிய எழுத்து. முன்னது பதிவைச் சுட்டும், பின்னது நீக்கும். எண்ணை இருமுறை சரிபார்த்தபின் இடுக. வட்டின் 'ஈஎஃப்ஐ' பகுதியில் எஞ்சியிருந்த உபுண்டு அடைவையும் பின்னர் அகற்றினோம். அதன் அருகிலுள்ள 'பூட்', 'மைக்ரோசாஃப்ட்', 'டெபியன்' என்னும் அடைவுகளைத் தொடலாகாது.

விண்டோஸ் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். 2023-இல் மூத்தோர் 12-ஆம் பதிப்புக்கு உயர்த்தியபோது, க்ரப் பட்டியலினின்று விண்டோஸ் மறைந்துபோயிற்றாம். அழிந்ததென்றே அவர்கள் அஞ்சினர். அழியவில்லை. பிற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலிற் சேர்க்கும் 'ஓஎஸ்-ப்ரோபர்' என்னுஞ் சிறு நிரலை க்ரப் அப்பதிப்பு முதற்கொண்டு, பாதுகாப்புக் கருதி, தானே ஏவுவதில்லை. 'டீஃபால்ட்/க்ரப்' கோப்பில் 'க்ரப் டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்' என்னும் வரிக்கு 'ஃபால்ஸ்' என மதிப்பளித்து (சொற்களை அடிக்கோட்டால் இணைத்துப் பெரிய எழுத்தில் எழுதுக, மதிப்பு மட்டும் சிறிய எழுத்து) 'அப்டேட்-க்ரப்' இட்டால் அது மீளும். 'தடுப்பதை மறு' என்னும் இரட்டை எதிர்மறையாய் அமைந்த அவ்வரியைப் பொருள்கொள்வதற்குச் சிறிது இலக்கணப் பயிற்சி வேண்டும்.

எம் பொறியின் 'பூட்' பகுதி இன்னும் சிறியதாகவே உளது. இனிட்-ஆர்டியின் அமைப்புக் கோப்பில் 'மாட்யூல்ஸ்' என்னும் வரிக்கு 'மோஸ்ட்' என்றிருந்ததை 'டெப்' என மாற்றினோம். இப்பொறிக்கு வேண்டுங் கருவிகளை மட்டும் மூட்டையிற் கட்டுதலால் அதன் அளவு குறைந்தது. வட்டைக் கழற்றி வேறு பொறியில் மாட்டின் எழாமற் போகலாமென்னும் குறை இதற்கு உண்டு. பகுதியைப் பெரிதாக்குதல் கோடை விடுமுறைக்கென வைக்கப்பட்டிருக்கின்றது. பட்டியலில் இப்பொழுது டெபியன் ஒன்று, அதன் உள்ளே இரண்டு கெர்னல்கள், கடைசியில் விண்டோஸ். சொல்லடைவு மூன்றாங் காண்டத்துட் புகுந்துள்ளது. அதன் படியொன்று வெள்ளிதோறும் ஆசிரியரின் மேசையறைக்குச் செல்கின்றது.